பாடபேதம் இல்லாத பொருள்கள்

பழைய சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் நமக்கொரு நல்ல பழக்கத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் ஒரு சொல்லை மூலத்தில் ஏற்றுக்கொண்டால், வேறு சுவடிகளில் அதே இடத்தில் இருந்த சொல்லைப் பாடபேதமாகக் குறித்துவைப்பார். தோற்றுப்போன சொல்லும் அச்சில் இருக்கும். நூறாண்டு கழித்து ஒரு மாணவி வந்து, அடியில் கிடப்பதுதான் சரியான பாடம் என்று வாதாட அங்கே இடமிருக்கிறது. நம் வீட்டில் இருக்கும் எந்தப் பொருளுக்கும் இப்படியோர் அடிக்குறிப்பு கிடையாது. ஃபிரிட்ஜும் கிரைண்டரும் கார் இருக்கையும் வேறெப்படியும் இருந்திருக்க முடியாதவைபோல நம்முன் நிற்கின்றன.

அவற்றுக்கும் பாடபேதங்கள் இருந்தன. அதை நான் தெரிந்துகொண்டது பாடத்திட்டத்தின் தயவால். 2022 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் படிப்பில் முதலாண்டினருக்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்கள் வந்தன; என்னைப் போன்ற தமிழாசிரியர்கள் பொறியியல் வகுப்பறைகளுக்குள் போனோம். போன இடத்தில் கிடக்கும் புத்தகங்களைப் புரட்டாமல் இருக்க முடியுமா? பொருள் வடிவமைப்புப் பாடநூல்களில் ஓர் அத்தியாயம் தவறாமல் வருகிறது. முதலில் தோன்றிய யோசனையோடு நின்றுவிடாதே, பல மாற்றுகளை உருவாக்கு, ஒப்பிட்டுப் பார், பிறகு தேர்ந்தெடு என்று அது சொல்லும். கவிதை எழுதுகிறவளுக்கு இதில் மறுக்க ஒன்றுமில்லை. முதல் வரைவை நம்பாதவர்கள்தாம் நாமும்.

மாற்றுகளைப் பெருக்குவதற்கு அவர்களிடம் முறைகள் பல உண்டு. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் பரப்பிய முறை ஒன்று: பொருள் செய்யவேண்டிய வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு வேலையையும் செய்யக்கூடிய வழிகளைப் பக்கத்தில் எழுது. ஐந்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வழிகள் என்றால் 1024 சேர்க்கைகள் கிடைக்கும். பெருகியவற்றைக் கழிப்பதற்கு, கிளாஸ்கோவிலுள்ள ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பியூ ஓர் அட்டவணை தந்தார். மேல்வரிசையில் மாற்றுகள். இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, அளவுகோல்கள். மாற்றுகளில் ஒன்றை, பெரும்பாலும் ஏற்கெனவே சந்தையில் இருப்பதை, ஒப்பீட்டு அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட மேல் என்றால் கூட்டல் குறி, கீழ் என்றால் கழித்தல், ஒன்றுபோலவே என்றால் ‘அதே’. பியூவுக்கு நியாயம் செய்ய வேண்டும்: இந்தக் குறிகளைக் கூட்டிப் பார்த்து வெற்றியாளரை அறிவிப்பதை அவர் நோக்கமாகக் கொள்ளவில்லை. அட்டவணையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடும்போது புதிய மாற்றுகள் பிறக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வோர் அளவுகோலுக்கும் மதிப்பெண் வைத்து அதைக் கணக்குத் தாளாக்கிவிட்டார்கள்.

இந்த அட்டவணையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். பாடநூலின் கவனம் முழுவதும் மேல்வரிசையில்தான். எத்தனை மாற்று, எவ்வளவு புதுமை என்று அங்கே கற்பனைக்கு எல்லையே இல்லை. இடது ஓரத்துக்கு வந்ததும் மொழி மாறிவிடுகிறது. ‘தேவைகள் பட்டியலிடப்படுகின்றன’, ‘அளவுகோல்களுக்கு மதிப்பு வழங்கப்படுகிறது’. யாரால்? வாக்கியத்தில் ஆள் இல்லை. பள்ளி இலக்கணத்தின் தோன்றா எழுவாயையாவது வினைமுற்றின் விகுதியிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். இந்தச் செயப்பாட்டு வினையில் அந்தத் தடயமும் கிடையாது. ‘பயனர்’ என்ற சொல்லும் அப்படித்தான். பயனர் பொத்தானை அழுத்துகிறார், பயனர் மூடியைத் திறக்கிறார். மரியாதைப் பன்மைக்குள் ஆணும் பெண்ணும் மறைந்துகொள்கிறார்கள். விளம்பரத்தில் மட்டும் அந்தப் பயனர் புடவை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

மாற்று எத்தனை என்பதைவிட, எந்தக் கேள்விக்கான மாற்று என்பதே பெண்கள் கேட்கவேண்டியது. ஆயிரம் விடைகளை ஆராய்ந்த பெருமையில் கேள்வி ஆராயப்படாமலே போகிறது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட ‘தாய்க்குக் கூடுதல் வேலை’ என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட நூலில், போகாமல் விட்ட வழிகளைப் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி ஏன் இரைகிறது என்பது அதிலொரு கேள்வி. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு பொறியியல் மாணவர்கள், சிறு சுடரின் வெப்பத்தாலேயே குளிர்விக்கும் பெட்டியை உருவாக்கினார்கள். மோட்டார் இல்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே சத்தமும் இல்லை. அமெரிக்காவில் செர்வெல் நிறுவனம் அதைச் செய்து விற்றது. மறுபக்கம் ஜெனரல் எலக்ட்ரிக், மோட்டாரும் கம்ப்ரசரும் வைத்த பெட்டியை 1927-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்நிலையங்களுக்கான கருவிகளையும் விற்ற நிறுவனம் அது. இரவும் பகலும் மின்சாரம் இழுக்கும் ஒரு பெட்டி வீட்டுக்கு வீடு நின்றால் அதன் மற்ற வியாபாரமும் சேர்ந்து வளரும். ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் பெருநிறுவனங்கள் கொட்டிய பணத்தின் முன்னால் செர்வெல் தாக்குப்பிடிக்கவில்லை. 1950களில் கடையைக் கட்டியது. அமைதியான பெட்டி நல்லதா கெட்டதா என்பதன் அடிப்படையில் இந்தத் தேர்வு நடக்கவில்லை என்பது கோவனின் வாதம். (இன்றும் நட்சத்திர விடுதி அறைகளின் குட்டிக் குளிர்பெட்டிகள் பல அந்தச் சத்தமில்லாத முறையில்தான் இயங்குகின்றன. விருந்தினரின் தூக்கம் கெடக் கூடாதல்லவா? அடுப்படியில் நிற்பவளின் காதுக்கு அந்தச் சலுகை கிடையாது.)

என்னை அதிகம் நிறுத்திவைத்தது அதே அத்தியாயத்தின் இன்னொரு பகுதி. இரைகிற பெட்டி, இரையாத பெட்டி என்ற இரண்டு மாற்றுகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: இரண்டும் ஒரு வீட்டுக்கு ஒன்று. சமையல், சலவை, சேமிப்பு எல்லாம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒவ்வொரு பெண்ணால் தனித்தனியாக நடக்கும் என்பது இரண்டிலும் மாறாத தரவு. அந்தத் தரவையே மாற்ற முயன்ற பெண்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் மெலூசினா ஃபே பியர்ஸ் 1869-இல், குடும்பங்களின் வீட்டு வேலையைக் கூட்டுறவாக, கூலிக்குரிய வேலையாக நடத்தும் சங்கத்தைத் தொடங்கினார். ஈராண்டுக்குள் அது முடிந்துபோனது; கணவர்களின் ஒத்துழையாமையும் அதற்கு ஒரு காரணம். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1898-இல் சமையலறையே இல்லாத வீடுகளைப் பற்றி எழுதினார். டொலோரஸ் ஹெய்டன் 1981-இல் இவர்களின் வரலாற்றைத் தொகுத்திருக்காவிட்டால் இந்தப் பாடபேதங்களும் நம் கைக்கு வந்திருக்கா. கோவன் இதில் பெருநிறுவனங்களை மட்டும் குற்றவாளியாக்குவதில்லை. தனிக் குடும்பத்தின் அந்தரங்கத்தையும் சுதந்திரத்தையும் மக்களே, பெண்களும்தான், விரும்பித் தேர்ந்தார்கள் என்கிறார். இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம். கணவனின் சம்பளத்தில் வாழ வேண்டியவள் கணவன் ஏற்காத சமையலறையை எப்படித் தேர்ந்திருப்பாள்? விருப்பம் என்ற சொல்லையும் செயப்பாட்டு வினை எழுதலாம்.

வடிவமைப்பாளர் பெண்ணாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைக் காட்டலாம். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1.9 மீட்டர் அகலம், 3.44 மீட்டர் நீளம். எட்டிய இடத்தில் எல்லாம். எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்று கணக்கிட்டுக் கணக்கிட்டுச் செதுக்கிய அறை. நகரின் புதிய குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற உண்மையான அக்கறை லிஹோட்ஸ்கிக்கு இருந்தது. பின்னாளில் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர் அவர். ஆனால் அந்த அறைக்குள் இரண்டாவது ஆள் நுழைந்தால் முதல் ஆளுக்கு இடம் இருக்காது. உதவிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதைச் சுவரின் அளவே எழுதிவைத்துவிட்டது.

இடது ஓரத்தில் யார் இருக்கிறார் என்பது சில நேரம் உயிர் சம்பந்தப்பட்டது. கார் இருக்கைகளிலும் பெல்ட்டுகளிலும் எத்தனையோ மாற்றுகளை மோதிப் பார்த்துத் தேர்கிறார்கள். எந்த உடலை உட்காரவைத்து? ஜெனரல் மோட்டார்ஸ் 1976-இல் உருவாக்கிய ‘ஹைப்ரிட் மூன்று’ என்ற பொம்மை சராசரி ஆண், எடை சுமார் 78 கிலோ. பின்னால் வந்த ‘பெண்’ பொம்மை அந்த ஆணையே சுருக்கிச் செய்தது, சுமார் 49 கிலோ. பின்னாலிருந்து இடிக்கும் விபத்துகளில் கழுத்துக் காயம் பெண்களுக்கே அதிகம் என்பது தெரிந்த பிறகும் சராசரிப் பெண்ணின் உடல் சோதனைக்கூடத்துக்கு வர நெடுங்காலமாயிற்று. சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழு 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட பெண் பொம்மையை முன்வைத்தது 2022-இல். அதுவரை ஆராயப்பட்ட இருக்கைகள் எல்லாம் ஒரே உடலுக்கான மாற்றுகள்.

இனி நம் அடுப்படிக்கு வரலாம். கிரைண்டர் 1950களில் கோயம்புத்தூரில் பிறந்தது. இன்று அந்த ஊரின் பெயரிலேயே புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதன் வடிவமைப்பில் நான் மிகவும் ரசிக்கும் ஒரு திருப்பம் உண்டு. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுழலும். வலது கை குழவியைச் சுழற்ற, இடது கை ஓரத்துக்கு ஒதுங்கும் மாவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். இயந்திரத்தில் இது தலைகீழாகிறது: பாத்திரமும் அடிக்கல்லும் சுழல்கின்றன, குழவியை ஒரு பிடி நிறுத்திவைக்கிறது. அப்படியானால் இடது கை என்ன ஆனது? விளிம்பில் பொருத்திய ஒரு சிறிய தள்ளுபலகை ஆனது. நம் அம்மாக்களின் கையசைவை யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள்; இல்லாவிட்டால் இந்தப் பலகை வந்திருக்காது.

கவனிப்பு அந்த இடத்தோடு நின்றுவிட்டது. அரைப்பது என்ற ஒரு வினைக்குத்தான் மாற்று தேடினார்கள். அரிசியைக் களைந்து ஊறவைப்பது, குழவியைத் தூக்கி எடுப்பது, மாவை வழித்தெடுப்பது, கல்லின் கண்ணுக்குள் ஒட்டியதைச் சுரண்டிக் கழுவுவது, கழுவிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவது எல்லாம் வடிவமைப்புக்கு வெளியே இருந்தன. தரையில் நின்ற பழைய பெரிய கிரைண்டரைக் கழுவியவர்களுக்கு அது தெரியும். சாய்த்து ஊற்றும் கிரைண்டரும், பாத்திரத்தைத் தனியே கழற்றி எடுக்கும் மேசைக் கிரைண்டரும் பின்னால் வந்து இவற்றில் சிலவற்றைத் தீர்த்தன. இடுப்பு ஒடிய மாவாட்டிய தலைமுறையின் மகள் நான். இந்த இயந்திரத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆட்டுக்கல் சுவை, ஆரோக்கியம் என்று ஏங்குகிற ஆண்களிடம் ஒரு வாரம் ஆட்டிக் காட்டச் சொல்வதே என் வழக்கம்.

மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவிகள் நான்கு பேர் திட்டப்பணிக்குக் கிரைண்டரை எடுத்துக்கொண்டார்கள். வீடுகளுக்குப் போய்க் கேட்பதற்கான கேள்வித்தாளின் தமிழைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் வந்ததால், நிரப்பிய தாள்களையும் பார்க்கக் கிடைத்தது. ‘உங்கள் கிரைண்டரில் என்ன மாற்றம் வேண்டும்?’ என்ற கேள்விக்குச் சத்தம் குறையணும், எடை குறையணும், கழுவ லேசா இருக்கணும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். ஓர் அம்மா, ‘போடுறதுக்கு வேற ஆளு வேணும்’ என்றிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார் மேம் என்றாள் எழுதிவந்த பெண். அந்த விடையை அவர்கள் ‘பிற’ என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தார்கள். வடிவமைப்புக்குப் பயன்படாத விடைகளின் கிடங்கு அது. என் கணக்கில் அந்தத் திட்டப்பணியில் கிடைத்த ஒரே உண்மையான மாற்று அதுதான். மற்றவை எல்லாம் கிரைண்டரைத் திருத்தின.

வேறு ஆள் என்ற மாற்றுக்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியைப் பெண்களுக்கு விலையில்லாமல் கொடுத்தது. 2013-இல் அதே அரசு சென்னையில் அம்மா உணவகங்களைத் திறந்தது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் கூடிச் சமைத்து இட்லியை 1 ரூபாய்க்கு விற்றார்கள். ஒரே தேவைக்கு இரண்டு வடிவமைப்புகள். முதலாவது, வீட்டுக்கு ஒரு கல். இரண்டாவது, தெருவுக்கு ஒரு சமையலறை. பியர்ஸும் கில்மனும் கனவு கண்டதற்குப் பக்கத்தில் வந்த இந்த இரண்டாவதை நாம் யாரும் வடிவமைப்பாகப் பேசவில்லை. ஏழைகளுக்கான நலத்திட்டம் என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். தொழிலாளியும் தனியாளும் சாப்பிடும் இடம் அது. ‘குடும்பம்’ அங்கே போகாது. நடுத்தர வர்க்கப் பெண் தன் சோர்வுக்கான விடையாக அதைப் பார்ப்பதே இல்லை.

ஏன் பார்ப்பதில்லை என்பதற்குக் கௌரவம் என்று மட்டும் பதில் சொன்னால் பாதி உண்மை. பொதுச் சமையலறை என்றதும் நம் ஊரில் யார் கை சமைத்தது என்ற கேள்வி எழும். தலித் பெண் சமைத்த சத்துணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று தடுத்த பெற்றோர்களைப் பற்றி எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்! அந்தப் பெற்றோர்களில் தாய்மாரும் உண்டு. அமெரிக்கக் கணவர்கள் சங்கத்தைக் கலைத்தார்கள் என்றால், இங்கே கலைப்பதற்குச் சாதி இருக்கிறது. தனித்தனி அடுப்பு பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்பதோடு, சாதியின் தூய்மையைக் காக்கும் காவல் வேலையையும் அவளிடமே ஒப்படைக்கிறது. ஹெய்டனின் நூல் நமக்குப் போதாத இடம் இது. இதை நம் பெண்ணியம்தான் எழுத வேண்டும்.

நடுத்தரக் குடும்பம் கண்டுபிடித்த சமரசம் பாக்கெட் மாவு. எந்தப் பொறியாளரின் அட்டவணையிலும் தொடங்காமல், வேலைக்குப் போகும் பெண்களின் மாலை நேரத்திலிருந்து முளைத்த மாற்று. தெருமுனைக் கடையில் மாவு அரைத்து விற்பவள் பெரும்பாலும் இன்னொரு பெண்தான். அவள் வீட்டு முன்னறையில் கிரைண்டர்கள் வரிசையாக ஓடுகின்றன. வேலை வெளியே போனது, கூலியும் கிடைக்கிறது, ஆனால் ஒருத்தியின் தோள்பாரம் இன்னொருத்தியின் தோளுக்கு ஏறியிருக்கிறது. அவளுக்கான கிரைண்டரை யார் வடிவமைக்கிறார்கள், அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை குழவியைத் தூக்குகிறாள் என்று எந்த இடது ஓரமும் கேட்கவில்லை. கேட்டால் அது பெண்ணியம் மட்டுமல்ல, நல்ல பொறியியலும்தான்.

பியூவின் அட்டவணையில் எனக்குப் பிடித்தது அந்த ஒப்பீட்டு அடிப்படை. அதை மாற்றினால் எல்லாக் குறிகளும் மாறும். இருக்கிற கிரைண்டரை அடிப்படையாக வைத்தால் புதிய கிரைண்டர்கள்தான் கிடைக்கும். அந்த நான்கு மாணவிகளிடம், ஒரு பயிற்சியாக, அம்மா உணவக இட்லியை அடிப்படையாக வைத்து வீட்டுக் கிரைண்டரை மதிப்பிடச் சொன்னேன். விருப்பப்பட்ட பக்குவத்தில் அரைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கூட்டல் போட்டார்கள். இரவு எந்நேரமும் மாவு இருக்கும், அதற்கும் கூட்டல். செலவு கழித்தல். கழுவும் வேலை கழித்தல். தூக்கும் எடை கழித்தல். அடுத்த வரியை நான் சேர்த்திருந்தேன்: ‘நாளைக்கு இட்லி என்பதை இன்றே நினைவில் வைத்திருந்து அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவது’. கழித்தல் போட்டுவிட்டு, எவ்வளவு கழித்தல் என்று எழுத வேண்டிய கட்டத்தில் பேனா நின்றது. “இதுக்கு என்ன அலகு மேம்?” என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி நிமிடம் என்று எழுதினாள், அடித்தாள், நாள் என்று எழுதினாள், அதையும் அடித்தாள்.